ரோடு பைக்குக்கு ஒரு மக்காடு

சைக்கிளின் பின்சக்கரம் வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீர் முதுகில் படும்போது முதலில் குளிர்தான் தெரியும். நாலைந்து மிதி மிதித்த பிறகே மணல் உறுத்தத் தொடங்கும். அப்புறம் அது இடுப்பிலிருந்து பிடரிவரை நேர்கோடாக ஏறி, பின்னலுக்குள் புகுந்து, பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பல்லிடுக்கில்கூட நறநறக்கும். ஓசூர் மழைக்குக் கொட்டித் தீர்த்துவிட்டு ஓயத் தெரியாது. புரட்டாசி பிறந்துவிட்டால் நாள் முழுக்கப் பிசுபிசுவென்று தூறிக்கொண்டே இருக்கும். சிப்காட்டுக்குள் போய்வரும் லாரிகள் செம்மண்ணையும் கிரானைட் தூளையும் டீசல் ஒழுகலையும் ஒன்றாகக் குழைத்துச் சாலை முழுவதும் பூசி வைத்திருக்கும். அந்தக் குழம்புக்கு எங்கள் தெருவில் "சட்னி" என்று பெயர். நான் எட்டாம் வகுப்பு படித்த வருடத்து மழைக்காலத்தில் பாதியை அந்தச் சட்னியை முதுகில் சுமந்தே கழித்தேன். அப்படிச் சுமக்க வைத்தது என் சித்தப்பாவின் ரசனை.

அப்பாவும் சித்தப்பாவும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவர்கள். அப்பா ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். சித்தப்பா வேறொரு கம்பெனியில் இன்ஜினியர். அம்மா காவேரிப்பட்டினத்துக்காரி, விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இங்கே வந்து, மின்சாதனங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்ட் பார்த்தாள். ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் சித்தப்பா. சித்தி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சித்தப்பா சைக்கிள்காரர் ஆனார்.

சாதாரண சைக்கிள்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய கம்பெனியில் இன்ஜினியர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். உடம்போடு ஒட்டிய கால்சட்டையும், பூச்சிக்கண் மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியும், நடந்தால் டக்டக்கென்று தரையில் தட்டுகிற ஷூவும் மாட்டிக்கொண்டு ஞாயிறு காலையில் தொரப்பள்ளி வரை ஓட்டிப் போவார்கள். அங்கே சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துப் படம் எடுப்பார்கள். திரும்பி வரும் வழியில், மிதித்துக் கரைத்ததைப்போல இரண்டு பங்கைத் தோசையாக உள்ளே தள்ளுவார்கள். அதே சாலையில், அதே நேரத்தில், டிஃபன் கேரியரை ஹேண்டில் பாரில் தொங்கவிட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் சைக்கிளில்தான் போவார்கள். அவர்களை இந்தக் கூட்டம் "டிராஃபிக்" என்று சொல்லும். தங்கள் சைக்கிளின் எடையைக் குறைப்பதற்காக மணியைக் கழற்றினார்கள், ஸ்டாண்டைக் கழற்றினார்கள், பின்னால் மாட்டிய சிவப்புப் பட்டையைக்கூடக் கழற்றினார்கள். தொப்பை மட்டும் கழற்றப்படாமல் இருந்தது.

சித்தப்பா சீக்கிரமே இன்னும் எடை குறைந்த ஒரு சைக்கிளை வாங்கினார். பழையது என்னிடம் வந்தது. நீல நிறம், விரல் பருமனில் டயர், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில். தெருப் பிள்ளைகள் அதை "ஆட்டுக்கொம்பு" என்றார்கள். ஏறி ஒரு மிதி மிதித்தால் பக்கத்து வீட்டுச் சுவர் ஓடி வந்து பின்னால் போகும். அந்த வயதில் அதைவிட மகிழ்ச்சியான பொருள் எதுவும் என் கைக்கு வந்ததில்லை. அதைச் சித்தப்பாவிடமிருந்து வாங்கினேன் என்பதற்காக அந்த மகிழ்ச்சியை இப்போது குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கொடுக்கும்போது அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"பாப்பா, இது ரோடு பைக்கு. கேரியரு, கூடை, மக்காடு, இந்தக் கண்ராவியெல்லாம் இதுல ஏறக் கூடாது. மக்காடு மாட்டுன ரோடு பைக்கும் வேட்டி கட்டுன குதிரையும் ஒண்ணு."

அப்பா சிரித்தார். தம்பி சொல்கிற எதற்கும் அப்பா சிரிப்பார். தம்பி இன்ஜினியர், இவர் டிப்ளமா. அம்மா மட்டும் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மழையில எப்டிப் போவா?" என்று கேட்டாள்.

"மழைன்னா நனையத்தான் செய்யணும், மதினி. அதுலதான் த்ரில்லே இருக்கு" என்றார் சித்தப்பா. மழை பெய்கிற ஞாயிறுகளில் அவர் போர்த்திக்கொண்டு தூங்குவதை நாங்கள் எல்லோரும் அறிவோம்.

கோடை முடிந்து பள்ளி திறந்து முதல் சில மாதங்கள் ஒரு குறையும் தெரியவில்லை. மழை வந்தது, குறை வந்தது. எங்கள் சீருடையில் மேலாடை வெள்ளை. அதில் அந்தச் செம்பழுப்புக் கோடு உட்காரும் இடத்தில் தொடங்கி மேலே ஏறும். அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து குளியலறையில் உட்கார்ந்து அதைத் துவைப்பாள். சேறு போகும், கறை போகாது. இரண்டு மேலாடைகளும் முதுகுப் பக்கம் டீயில் முக்கி எடுத்த நிறத்துக்கு வந்துவிட்டன.

ஒரு புதன்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் நான் வரிசையின் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் பையன்கள் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது; அது அடுத்த வரிசைக்குப் போனது; பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வகுப்பாசிரியை வேகமாக வந்து தன் துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றி, கையைப் பிடித்து ஓய்வறைக்கு இழுத்துப் போனார். போகிற வழியில் காதோடு, "வீட்டுலயே பாத்துட்டு வர்றதில்லையா?" என்றார்.

"மிஸ், அது சேறு" என்றேன்.

அவர் துப்பட்டாவை விலக்கிப் பார்த்தார். சேறுதான். அவர் முகத்தில் ஒரு கணம் சங்கடம் தெரிந்தது. அதை எப்படி ஒளிப்பதென்று தெரியாமல் என்மேல் கோபமாக மாற்றிக்கொண்டார்.

"சேறா இருந்தா என்ன? பாக்கறவங்களுக்கு வேற மாதிரிதான தெரியுது? பொம்பளப் புள்ள இப்பிடியா வர்றது? நாளையில இருந்து சைக்கிள் எடுத்துட்டு வராத. நான் உங்க அப்பாகிட்டப் பேசறேன்."

சிரித்த பையன்களிடம் யாரும் பேசவில்லை. அவர்கள் பத்து நாளைக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் பின்பக்கத்தைத் துடைத்துக் காட்டினார்கள். அவர்களில் இருவர் இன்று இதே ஊரில் பெரிய மனிதர்கள். ஒருவன் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தான். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஆசிரியை ஃபோன் செய்ததும் அப்பா முடிவு செய்துவிட்டார்: சைக்கிள் வேண்டாம், ஆட்டோ. அந்த ஆட்டோ எனக்குத் தெரியும். முன் வருடம் அதில்தான் போனேன். பிள்ளைகளைப் புளிமூட்டையாக அடைத்துக்கொண்டு, முன்னால் இருக்கிற கண்ணாடியைச் சாலைப் பக்கம் காட்டாமல் பெரிய பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டுகிற ஒருவர் அதன் டிரைவர். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஆட்டோவில் போக மாட்டேன் என்று மட்டும் சொல்லி அழுதேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்த சித்தப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சேத்தப் பாத்து அதுன்னு நினைச்சுட்டாங்களா?" என்று மறுபடி கேட்டு மறுபடி சிரித்தார். அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

அம்மா குளியலறை வாசலில் என் மேலாடையைப் பிழிந்துகொண்டு நின்றாள். "இன்னாத்துக்குச் சிரிக்கறீங்க ரெண்டு பேரும்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு மக்காடு மாட்டுனா முடிஞ்சு போச்சு. புள்ள சைக்கிள்லயே போவட்டும்."

"மதினி, அந்த பைக்குக்கு..."

"குதிரை வேட்டி கட்டுமோ கட்டாதோ எனக்குத் தெரியாது தம்பி. என் பொண்ணு கறையோட நிக்க மாட்டா."

அம்மா அவ்வளவு நேராக அவரிடம் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நானும் அம்மாவும் பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் சைக்கிளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். அவரிடம் கூரையிலிருந்து தொங்கிய இரும்பு மட்கார்டுகள் எல்லாம் தடித்த டயர்களுக்கானவை; என் சைக்கிளில் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே என் சுண்டுவிரல்கூட நுழையாது. அச்சுக்குப் பக்கத்தில் மட்கார்டின் கம்பியைத் திருகிவைக்க ஓட்டையும் கிடையாது. "இது பந்தய வண்டிம்மா, இதுக்கு ஒண்ணும் வராது" என்று சொன்னவர், ஒன்றும் விற்காமல் அனுப்ப மனம் வராமல், சீட்டுக்குக் கீழே இருக்கிற குழாயில் இறுக்குகிற ஒரு பிளாஸ்டிக் நாக்கைத் தலையில் கட்டினார். அது மலைப்பாதையில் ஓட்டுகிற தடித்த சைக்கிள்களுக்கானது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். நான் இறங்கி அதை நேராக்குவேன். அடுத்த பள்ளத்தில் மறுபக்கம் திரும்பும். பார்க்கக் கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதுகில் பாதியாவது சேற்றுக்குத் தப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் கூடியது. நான் எழுந்து வந்தபோது அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். என் சைக்கிளில் நாக்கைக் காணவில்லை. தேடினால், கேட்டுக்கு வெளியே குப்பைத் தொட்டியில், முட்டை ஓட்டுக்கும் காப்பித்தூளுக்கும் நடுவே கிடந்தது. திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாத்து நக்கல் அடிக்கிறானுக, பாப்பா. என் பேரு கெட்டுப்போகுதுல்ல?"

அந்தப் பேர் எதனால் ஆனது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாக்கைப் பார்த்து உடைந்துபோகிற பேரைப் பெரியவர்கள் அவ்வளவு பத்திரமாகச் சுமந்து திரிவார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மா குப்பைத் தொட்டியிலிருந்து அதை எடுத்துக் கழுவவில்லை. அடுத்த வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போனாள்.

அத்திப்பள்ளி தாண்டி நெரிசலில் ஊர்ந்து, நகரப் பேருந்து மாறி, ஒரு வழியாக அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். நகைக்கடைபோல விளக்குப் போட்டு, சைக்கிள்களைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். நான் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அம்மாவின் ஃபோனில் பிரேக்கையும் அச்சுப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருந்தேன். கடையில் இருந்த இளைஞன், முன்தலை முடியை எழுப்பி நிறுத்தியவன், படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அம்மாவின் ரப்பர் செருப்பைப் பார்த்தான். பிறகு கல்லாவில் இருந்தவனிடம் கன்னடத்தில், "ரோடு பைக்குக்கு மட்கார்டு வேணுமாம், தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி வந்திருக்குதுங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

"நமகூ கன்னட பருத்தப்பா" என்றாள் அம்மா. தனக்கும் கன்னடம் வரும் என்று அவள் சொன்ன தொனியில் கோபமே இல்லை. கடை திறந்திருக்கிறதா என்று கேட்கிற தொனி. கம்பெனியில் அவள் உட்கார்ந்து வேலை செய்யும் வரிசையில் இந்தப் பக்கம் கன்னடம், அந்தப் பக்கம் தெலுங்கு. அவன் முகம் சுருங்கியது. அப்புறம் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினான்.

முழு நீளத்தில் கம்பிக் கால் வைத்தது முதலில் வந்தது. அழகு அதுதான், ஆனால் திருக ஓட்டை வேண்டும். அடுத்தது சீட்டுக்கு அடியில் செருகுகிற குட்டை நாக்கு. "எல்லாரும் இதுதான் வாங்கறாங்க, வெயிட்டே இல்ல" என்றான். அதை வளைத்துப் பார்த்தேன். உட்காரும் இடத்தை மட்டும் காக்கும்; காலையும் பின்னால் வருகிறவரையும் கைவிட்டுவிடும். மூன்றாவது, குறுகிய டயர்களுக்கென்றே செய்த கறுப்பு மட்கார்டு. பிரேக்குக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. இரண்டையும் ரப்பர் பட்டையால் சட்டத்திலேயே கட்டிக்கொள்ளலாம், ஓட்டை தேவையில்லை. அதை எடுத்தேன். "லுக் போயிடும்" என்று அவன் கடைசியாக ஒருமுறை எச்சரித்தான். அம்மா பையைத் திறந்து கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, "லுக்குன்னா இன்னாடி?" என்று கேட்டாள்.

மாட்டியது நான்தான். சனிக்கிழமை மதியம் தொடங்கி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அட்டையில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முதல் தடவை பின்மட்கார்டு டயரில் உரசிச் சர்ரென்று கத்தியது. பட்டையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் சாய்ந்தது. இறுக்கினால் நடுவில் வளைந்தது. ரப்பர் பட்டைக்கு அடியில் பழைய டியூப் துண்டை மடித்து வைத்ததும் நின்றது. முன்மட்கார்டு என் ஷூ நுனியில் இடித்தது, அதை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினேன். கடைசியில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் அது சுற்றி நின்றபோது எனக்குள் ஏற்பட்ட திருப்தியை நான் பிற்காலத்தில் பரீட்சைகளில் கண்டதில்லை. திங்கட்கிழமை மழையில் ஓட்டிப் போய் வகுப்பறைக்குள் நுழைந்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அந்தப் பையன்களில் ஒருவன் என் முதுகைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. என்னோடு ஓட்டி வரும் தோழி என் சக்கரத்தின் பின்னால் வந்தால் அவள் முகத்தில் அடிக்கிறது என்றாள். மட்கார்டு சற்று மேலேயே முடிந்துவிடுவதால் கீழே கிளம்புகிற தண்ணீர் அவள்மேல் போனது. வாசலில் போட்டிருந்த பழைய ரப்பர் விரிப்பிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, தரையைத் தொடாத அளவுக்குப் பின்மட்கார்டின் நுனியில் தொங்கவிட்டேன். லாரிகளுக்குப் பின்னால் தொங்குமே, அதே மாதிரி. இதைப் பார்த்துச் சித்தப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "லாரி ஆக்கிட்டியே பாப்பா" என்றார். இந்தமுறை கை வைக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் சித்தப்பாவின் கம்பெனியில் குடும்ப விழா வந்தது. அதன் ஒரு பகுதியாகக் கம்பெனி கேட்டிலிருந்து தொரப்பள்ளி வரை சைக்கிள் பயணம். குடும்பத்தோடு கலந்துகொள்ள வேண்டும் என்று ஜி.எம். சொல்லியிருந்தார். மைசூர்க்காரர், உயரமானவர், கண்ணாடி போட்டவர். எல்லோரும் அவரைப் "பெரிய சார்" என்பார்கள். அவரும் ஓட்டப்போகிறார் என்று தெரிந்ததும் சித்தப்பாவுக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று. சித்தியோ ஊரில், குடும்பம் என்று காட்ட ஆள் வேண்டுமே. வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

"வா. ஆனா கடைசியிலயே வா. ஃபோட்டோ எடுக்கும்போது அந்த லாரியைத் தள்ளி நிப்பாட்டிரு" என்றார்.

புதிதாக வாங்கிய வெள்ளைச் சட்டையில் சித்தப்பா தகதகத்தார். பெரிய சார் ஒரு சாதாரண சைக்கிளை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார். கிளம்பும்போது சித்தப்பா அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், நீங்க என் வீலை ஒட்டியே வாங்க. எதிர்க்காத்து மொத்தத்தையும் நான் வாங்கிக்கிறேன். உங்களுக்கு மிதிக்கறதே தெரியாது."

பெரிய சார் தலையாட்டினார். போகும்போது எல்லாம் நன்றாகவே நடந்தது. தொரப்பள்ளியில் பேசினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். திரும்பும்போது தூறல் பிடித்தது. பேரண்டப்பள்ளிப் பக்கம் வருவதற்குள் சாலை முழுக்க சட்னி. நான் கடைசியில் வந்ததால் முன்னால் நடப்பது எல்லாம் தெரிந்தது. சித்தப்பா தலையைக் குனிந்து, எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு, வீறாப்பாக மிதித்தார். அவருடைய மொட்டைப் பின்சக்கரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு விசிறி எழுந்து நேராகப் பெரிய சாரின் முகத்தில் விரிந்தது. அவர் இடது பக்கம் ஒதுங்கினார். சித்தப்பா, பாவம், சாருக்குக் காற்றுப் படக் கூடாதே என்று தானும் இடது பக்கம் வந்தார். அவர் வலது பக்கம் போனார். சித்தப்பாவும் வலது பக்கம்.

பெரிய சார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இருந்த இடம் மட்டும் இரண்டு வட்டமாகச் சுத்தமாக இருந்தது.

முன்னால் போன சித்தப்பா திரும்பி வந்து, "என்ன சார், டயர்டா இருக்கா?" என்றார்.

"இல்ல. நீங்க போங்க" என்றார் அவர். எல்லோரையும் போகவிட்டு, சட்டை ஓரத்தில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் வந்ததும் என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். தொங்கிய ரப்பர் துண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"உன் பின்னால நான் வரலாமா, மரி?" என்று கேட்டார். அந்தக் கன்னடக் கொஞ்சல் சொல்லோடு என்னை அதற்குமுன் யாரும் கூப்பிட்டதில்லை.

வாங்க என்றேன். வந்தார். கொஞ்ச தூரத்தில் அவருடைய கணக்கு மேலாளர் தயங்கி நின்று அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார், ஜி.எம். எங்கே போகிறாரோ அங்கே போவதுதான் அவர்களுடைய உத்தியோகம். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பெரிய சாருக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் சைக்கிளில் மட்கார்டு இல்லாததால் கடைசி ஆட்களுக்கு எப்படியும் சேறுதான் கிடைத்தது, ஆனாலும் வரிசை மாறவில்லை. கடைசியில் வரச் சொன்ன நான் ஒரு வால் நீண்ட கூட்டத்தை இழுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தேன்.

அங்கே படம் எடுக்க வரிசையாக நிறுத்தினார்கள். சித்தப்பாவோடு தொற்றிக்கொண்டு வந்த அத்தனை பேரின் முகமும் பழுப்பு. முன்னால் ஓட்டி வந்த சித்தப்பாவின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை, என் மேலாடையில் இருந்த அதே கோடு. ஆனால் முன்பக்கம் மழையில் கழுவிவிட்டாற்போலப் பளிச்சென்று இருந்தது. பெரிய சார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க முகம் மட்டும் சுத்தமா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சித்தப்பா, "தேங்க் யூ சார்" என்றார்.

அவருக்கு அது எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து என்னிடம் பேசாமல் மாடி ஏறினார். இரண்டு வாரம் கழித்து அவருடைய புதிய சைக்கிளில், விலை உயர்ந்த, வெளிநாட்டில் செய்த, முழு நீள மட்கார்டு ஏறியிருந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோருடைய சைக்கிளிலும் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு வாசலில் நின்று அவர் கூட்டத்துக்கு வகுப்பு எடுப்பதைக் கேட்டிருக்கிறேன்: மழைக்காலத்தில் மட்கார்டு இல்லாமல் கூட்டமாக ஓட்டுவது அநாகரிகம், பின்னால் வருகிறவரை நினைக்காதவன் சைக்கிள்காரனே இல்லை. வேட்டி கட்டிய குதிரையைப் பற்றிப் பேசிய அதே குரல், அதே ஏற்ற இறக்கம். கருத்து மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் அழுதபோது மாறாத கருத்து, மேலதிகாரியின் கண்ணாடியில் சேறு பட்டதும் மாறியதே, அதை நான் இந்த வயதிலும் மன்னிக்கவில்லை. அப்பா இப்போதும் சிரித்தார். தம்பி சொல்வது சரிதானே என்று எங்களிடம் சொன்னார்.

நான் பள்ளி முடிக்கும்வரை அந்த நீல சைக்கிள் ஓடியது. பிறகு அம்மாவின் தங்கை மகளுக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனதென்று தெரியவில்லை. இன்று நானும் ஓசூரிலேயே வேலை பார்க்கிறேன். நான் பள்ளிக்குப் போன சாலை இப்போது அகலமாகி, நடுவில் சுவர் எழும்பி, ஓரத்தில் சைக்கிள் போக ஒரு முழம் இடம்கூட இல்லாமல் ஆகிவிட்டது. பள்ளியில் சைக்கிள் நிறுத்திய கொட்டகையைப் பிரித்துவிட்டு வேன்கள் நிற்கத் தளம் போட்டிருக்கிறார்கள். காலை ஷிஃப்டுக்கு டிஃபன் கேரியரோடு மிதித்துப் போனவர்களையும் காணோம். கம்பெனிப் பேருந்துகளின் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். அந்தச் சாலையில் மழையில் நனைந்துகொண்டு தானே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போகிற ஒரு பெண்ணைக்கூட இந்த வருடம் நான் பார்க்கவில்லை.

சித்தப்பா பெங்களூரில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார். போன மாதம் புதுமனைப் புகுவிழாவுக்குப் போயிருந்தோம். கூடத்தில் அவருடைய சைக்கிள் சுவரில் மாட்டியிருந்தது. அதற்குத் தனியாக ஒரு விளக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு புது அண்டை வீட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, சித்தப்பா என்னைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் இவள் மழையில் ரொம்பக் கஷ்டப்பட்டாள். யாருமே ரோடு பைக்கில் மட்கார்டு மாட்டாத காலம் அது. "நான்தான் சொன்னேன், மாட்டும்மா, எவன் சிரிச்சா என்னன்னு. எங்க ஜி.எம்.மே இவளைப் பாத்து அசந்துட்டாரு." அவர் கண்ணில் பொய் சொல்கிற கூச்சம் கொஞ்சமும் இல்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார். நடந்தது அவருக்குள் இருந்து முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. அப்பாவுக்குள் இருந்தும் போய்விட்டது, அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த அம்மா எனக்கு முந்திக்கொண்டாள்.

"ஆமா தம்பி. நீங்க சொல்லலைன்னா அந்த வருசம் மழையே பெஞ்சிருக்காது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார், கையைக் கூப்பி, அதை அடக்கமாக ஏற்றுக்கொண்டு.